டிகிரியில மார்க் கம்மி, ஆனா மேல படிச்சு பாடம் நடத்தணும்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கேள்விகள்ல நிறைய ஒரே இடத்தைச் சுத்தித்தான் இருக்கு. காலேஜ்ல சரியா படிக்கல, இல்ல படிக்கிற நிலைமை இல்ல, இப்ப மேல படிக்கணும், படிச்சு முடிச்சு பாடம் நடத்தணும், அந்தப் பழைய மார்க்‌ஷீட் விடுமா விடாதான்னு. அதனால வேற எதையும் எடுக்காம இதையே முழுசா பேசிடலாம்னு தோணுச்சு. கேட்டவங்க யார் பேரும் போடல.

கேள்வி: வணக்கம் மேடம். பி.எஸ்சி. ஃபிசிக்ஸ் முடிச்சு சில வருஷம் ஆச்சு. மொத்தம் 51 சதவீதம், நாலு அரியர் விழுந்து அப்புறம் கிளியர் பண்ணேன். அந்த நேரத்துல அப்பாவுக்கு உடம்பு ரொம்ப முடியாம போச்சு, நான் பாதி நாள் ஆஸ்பத்திரி பாதி நாள் பார்ட் டைம் வேலைன்னு ஓடிட்டு இருந்தேன். இப்ப ஒரு கம்பெனியில டேட்டா என்ட்ரி வேலை. எம்.எஸ்சி. படிச்சு காலேஜ்ல ஃபிசிக்ஸ் நடத்தணும்ங்கற ஆசை மட்டும் போகவே மாட்டேங்குது. இந்த 51 கடைசி வரைக்கும் கூடவே வருமா?

பதில்: வரும் தம்பி. ஆனா நீங்க பயப்படற அளவுக்கு வராது. எங்கெங்க வரும் எங்க வராதுன்னு பிரிச்சுப் பாத்துட்டா பாதி பயம் குறைஞ்சிடும், ஏன்னா இந்த விஷயத்துல பலபேர் விதியைப் படிக்காமலே யாரோ சொன்னதைக் கேட்டு ஒதுங்கிப் போயிடறாங்க.

இந்தியாவுல காலேஜ்ல உதவிப் பேராசிரியர் ஆகறதுக்கு யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, கேக்கறது முதுகலையில 55 சதவீதம், அதோட நெட்ங்கற தேசியத் தகுதித் தேர்வு இல்லன்னா செட்ங்கற மாநிலத் தகுதித் தேர்வுல தேர்ச்சி. எஸ்சி, எஸ்டி, ஓபிசி நான் கிரீமிலேயர், மாற்றுத்திறனாளிகளுக்கு 50 சதவீதம். கவனிச்சுப் பாருங்க, முதுகலையில. இளங்கலையில இவ்வளவு இருந்தே ஆகணும்னு நெட் எழுதறதுக்குக் கேக்கறதே இல்ல. அதாவது உங்க 51 உங்களை நெட் ஹாலுக்கு வெளிய நிறுத்தாது, எம்.எஸ்சி.யில நீங்க வாங்கப்போற மார்க்தான் அதைத் தீர்மானிக்கும்.

அப்ப 51 எங்க வருதுன்னா ஷார்ட்லிஸ்ட் பண்ற இடத்துல வருது. யுஜிசி 2018 விதிமுறையில காலேஜுக்கு ஒரு மதிப்பெண் அட்டவணை இருக்கு, மொத்தம் 100. இளங்கலையில 80 சதவீதத்துக்கு மேல இருந்தா 21 மார்க், 60லேர்ந்து 80க்குள்ள இருந்தா 19, 55லேர்ந்து 60க்குள்ள 16, 45லேர்ந்து 55க்குள்ள 10. உங்களுக்கு 10. ஆக டாப்ல இருக்கறவங்களுக்கும் உங்களுக்கும் நடுவுல 11 மார்க். சின்ன வித்தியாசம்னு சொல்ல மாட்டேன். ஆனா அதே அட்டவணையில முதுகலை 80க்கு மேலன்னா 25, 60லேர்ந்து 80க்குள்ளன்னா 23, பிஎச்.டி.க்கு 25, ஜேஆர்எஃப்ங்கற ஆராய்ச்சி உதவித்தொகையோட நெட் பாஸ் பண்ணா 10, வெறும் நெட்டுக்கு 8, கட்டுரை வெளியீட்டுக்கு அதிகபட்சம் 6, பாடம் நடத்தின அனுபவத்துக்கு வருஷத்துக்கு 2 வீதம் 10 வரைக்கும். இளங்கலையைத் தவிர மீதி எல்லாமே நீங்க இனிமே செய்யப்போற வேலைக்கான மார்க்தான். இன்னொண்ணு, இந்த மார்க் எல்லாம் இன்டர்வியூவுக்குக் கூப்பிடறதுக்கு மட்டும்தான், உள்ள போனப்புறம் இன்டர்வியூவுல எப்படிப் பண்றீங்கங்கறதை வச்சு மட்டும்தான் தேர்வுன்னு அந்த விதிமுறையிலயே எழுதியிருக்கு. மாநிலத் தேர்வு வாரியமும் தனியார் காலேஜும் அவங்கவங்க முறையில எடுப்பாங்க, அதனால ஒவ்வொரு அறிவிப்பையும் நீங்களே உட்கார்ந்து படிங்க, அடுத்தவங்க வாய் வழியா கேக்காதீங்க.

எம்.எஸ்சி. சேர்றதுதான் உங்களுக்கு உண்மையான முதல் கட்டம். சில இடத்துல இளங்கலையில 50 கேப்பாங்க, சில இடத்துல 55, சில இடத்துல அந்தப் பாடத்துல பாஸ் பண்ணியிருந்தா போதும்பாங்க, இன்னும் சில இடத்துல நுழைவுத்தேர்வு மார்க்குக்குத்தான் எடை அதிகம். மத்தியப் பல்கலைக்கழகங்கள்ல பலதுக்கு 2022லேர்ந்து சியூஇடி பிஜின்னு ஒரே தேர்வு இருக்கு. ஐஐடிகளுக்கு ஜாம்ங்கற நுழைவுத்தேர்வு. இதெல்லாம் நீங்க இன்னைக்கு எவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்கீங்கன்னு கேக்கற தேர்வுங்க, அந்த வருஷங்கள்ல என்ன நடந்துச்சுன்னு கேக்காது. உங்க மாதிரி ஒருத்தருக்கு அதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது.

இப்ப நான் சொல்ல வர்ற முக்கியமான விஷயம். மார்க் கம்மியா இருக்கறது ஒரு பிரச்சனை, பாடம் விட்டுப்போனது வேற பிரச்சனை, ரெண்டையும் சேர்த்துக் குழப்பிக்காதீங்க. முதல் பிரச்சனைக்கு மேல சொன்ன மாதிரி விதியில வழி இருக்கு. ரெண்டாவதுக்கு விதியில வழி கிடையாது, நீங்கதான் உட்காரணும். அந்த நாலு அரியர் எந்தெந்தப் பேப்பர்? மின்காந்தவியலா, கணித இயற்பியலா, குவாண்டமா? அரியர் கிளியர் பண்ணும்போது கேள்வித்தாள் பாத்து மனப்பாடம் பண்ணி பாஸ் ஆகியிருந்தா அந்தப் பேப்பர் உங்களுக்குத் தெரியாதுன்னுதான் அர்த்தம், எம்.எஸ்சி. முதல் செமஸ்டர்லயே அது வெளிய வந்துடும், பாஸ் மார்க்ல தப்பிச்ச அதே இடம் அங்க உங்களைத் திரும்ப விழ வைக்கும். அதனால சேர்றதுக்கு முன்னாடி ஒரு ஆறு மாசமாவது ஒதுக்கி அந்தப் பேப்பர்களை முதல்லேர்ந்து படிங்க, படிக்கறதுன்னா வீடியோ பாக்கறது இல்ல, பாடத்துக்குப் பின்னாடி இருக்கற கணக்கை பேப்பர்ல போடறது, போட்டு வரலன்னா ஏன் வரலன்னு உக்காந்து கண்டுபிடிக்கறது.

என்பிடெல்ங்கற ஆன்லைன் பாடத் தளம் இருக்கு, ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்தறது, பாடம் கேக்கறதுக்குக் காசு கிடையாது, தேர்வுக்கு மட்டும் பணம் கட்டி நேர்ல போய் எழுதினா சர்டிஃபிகேட்ல மார்க் போட்டுக் கொடுப்பாங்க. உதாரணத்துக்கு, அப்போ குவாண்டம் மெக்கானிக்ஸ்ல அரியர் விழுந்திருந்து, இப்ப அதுல நல்ல மார்க் வாங்கினீங்கன்னா, அதைப் பாக்கற ஆளுக்கு நீங்க எதுவுமே விளக்கிச் சொல்ல வேண்டியதில்ல, அந்தத் தாளே பேசும். வேலையை மட்டும் இப்போதைக்கு விட்டுடாதீங்க. சீட் கையில வந்தப்புறம் விடலாம்.

அப்புறம் அப்பாவைப் பத்தி எழுதியிருந்தீங்க. அந்த வயசுல அந்தப் பாரத்தைத் தூக்கிக்கிட்டு டிகிரியை விடாம முடிச்சதே பெரிய விஷயம், அதை 51ன்னு மட்டும் பாக்காதீங்க.

கேள்வி: நான் இன்ஜினியரிங், கம்ப்யூட்டர் சயின்ஸ். சிஜிபிஏ 6.1, பேக்லாக் அஞ்சு இருந்துச்சு, எல்லாம் முடிச்சிட்டேன். வெளிநாட்டுல எம்எஸ், அப்புறம் பிஎச்.டி., அப்புறம் யுனிவர்சிட்டியில டீச்சிங், இதுதான் என் பிளான். ஒரு கன்சல்டன்ட் உனக்கு வாய்ப்பே இல்லன்னுட்டார், இன்னொருத்தர் பேக்லாக் விவரத்தைக் காட்டாம அப்ளை பண்ணலாம், நான் பாத்துக்கறேன்னு சொல்றார். யாரை நம்பறது?

பதில்: ரெண்டு பேரையும் நம்பாதீங்கம்மா. ரெண்டாவது ஆள் சொன்னதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீங்க. விண்ணப்பத்துல படிச்ச எல்லாத்துக்குமான டிரான்ஸ்கிரிப்ட், அதாவது முழு மார்க் விவரத் தாள், கேப்பாங்க, மறைச்சது பின்னாடி தெரிஞ்சா சேர்க்கையையே ரத்து பண்ணிடலாம், சேர்ந்து படிச்சிட்டு இருக்கும்போது கூட. பேக்லாக்கோட உள்ள போனவங்க நிறைய இருக்காங்க. பொய்யோட உள்ள போயிட்டா படிக்கிற ஒவ்வொரு நாளும் பயத்தோடதான் படிக்கணும்.

நாட்டுக்கு நாடு கணக்கு வேற வேற. அமெரிக்காவுல பல யுனிவர்சிட்டிகள் கிராஜுவேட் படிப்புக்கு 4க்கு 3.0 ஜிபிஏன்னு கீழ்வரம்பு வச்சிருப்பாங்க. ஆனா அந்த 3.0வை எப்படிக் கணக்குப் போடறாங்கன்னு பாக்கணும், சில இடத்துல மொத்த டிகிரியையும் எடுக்காம கடைசி 60 கிரெடிட், அதாவது தோராயமா கடைசி ரெண்டு வருஷத்தை மட்டும் எடுக்கறாங்க. முதல் வருஷம் தடுமாறி கடைசி வருஷத்துல எழுந்தவங்களுக்கு இது பெரிய உதவி. இன்னும் சில இடத்துல கண்டிஷனல் அட்மிஷன்னு இருக்கு, முதல் சில பாடத்துல பி கிரேடு வாங்கிக் காட்டு, அப்புறம் முழுசா சேர்த்துக்கறேம்பாங்க.

ஜெர்மனிக்கு ஒரு ஃபார்முலாவே இருக்கு, பவேரியன் ஃபார்முலான்னு பேரு. அங்க 1.0தான் உச்சம், 4.0ன்னா வெறும் பாஸ், நம்ம ஊர் கணக்குக்கு நேர் தலைகீழ். அதிகபட்ச மார்க்லேர்ந்து உங்க மார்க்கைக் கழிச்சு, அதை அதிகபட்சத்துக்கும் பாஸ் மார்க்குக்கும் உள்ள வித்தியாசத்தால வகுத்து, 3ஆல பெருக்கி, 1 கூட்டணும். உங்க 6.1க்குப் போட்டுப் பாக்கலாம். உங்க யுனிவர்சிட்டியில பாஸ் 4ன்னா 2.95 வருது, பாஸ் 5ன்னா 3.34 வருது. பாத்தீங்களா, அதே 6.1, பாஸ் மார்க் எதுன்னு எழுதறதுல எவ்வளவு மாறுது. அதனால யுனிவர்சிட்டியிலேர்ந்து கிரேடிங் முறையைப் பத்தின சரியான தாளை வாங்கி வச்சுக்கோங்க. அங்க நிறைய மாஸ்டர்ஸ் படிப்பு 2.5 கேக்குது, அதுக்கு நீங்க எட்ட மாட்டீங்க, ஆனா எல்லாமே 2.5 கேக்கறதில்ல, ஒவ்வொண்ணா தேடணும்.

இங்கிலாந்துல டிகிரியை ஃபர்ஸ்ட், அப்பர் செகண்ட், லோயர் செகண்ட், தேர்டுன்னு பிரிப்பாங்க. நல்ல பேர் இருக்கற இடங்கள் அப்பர் செகண்டுக்குச் சமமா கேப்பாங்க, லோயர் செகண்ட் போதும்னு சொல்ற மாஸ்டர்ஸும் நிறைய உண்டு, அப்புறம் அந்த மாஸ்டர்ஸ்ல நல்லா பண்ணிட்டா பிஎச்.டி.க்குப் போகும்போது அதைத்தான் முதல்ல பாப்பாங்க.

வெளிநாட்டு மேல்படிப்புச் சேர்க்கைக்கான ஜிஆர்இ தேர்வை எழுதலாமான்னு உங்களுக்குள்ள கேள்வி இருக்கும். 2020க்கு அப்புறம் நிறைய டிபார்ட்மென்ட் அதைக் கட்டாயம் இல்லன்னு விட்டுட்டாங்க. ஆனா மார்க் கம்மியா இருக்கறவங்க கட்டாயம் இல்லாத இடத்துலயும் நல்ல ஸ்கோர் வந்தா அனுப்பலாம்ங்கறது என் கருத்து, அது உங்க கையில இருக்கற புது ஆதாரம். ஸ்கோர் அஞ்சு வருஷம் செல்லும், இப்ப தேர்வும் ரெண்டு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சிடுது. ஸ்கோர் நல்லா வரலன்னா கேக்காத இடத்துக்கு அனுப்பாதீங்க, அவ்வளவுதான்.

இந்த இடத்துல கரோல் கிரைடர் பத்திச் சொல்லணும். 2009ல மருத்துவ நோபல் வாங்கினவங்க. அவங்க கதை உங்களோடதுக்குக் கொஞ்சம் மாறுபட்டது, காலேஜ்ல நல்லா படிச்சாங்க, ஆய்வக அனுபவமும் இருந்துச்சு, ஆனா டிஸ்லெக்சியா இருந்ததால ஜிஆர்இ ஸ்கோர் கம்மி. பத்துக்கு மேல இடத்துக்கு அப்ளை பண்ணி கால்டெக், பெர்க்லி ரெண்டு இடம்தான் அவங்களைக் கூப்பிட்டுச்சு. பெர்க்லி போனாங்க, ஆய்வாளர் எலிசபெத் பிளாக்பர்ன்கிட்ட சேர்ந்தாங்க, மாணவியா இருக்கும்போதே 1984 கிறிஸ்துமஸ் அன்னைக்கு குரோமோசோம் முனைகளைக் காக்கற டெலோமரேஸ்ங்கற என்சைமுக்கான முதல் தடயத்தைப் பாத்தாங்க. நான் இதைச் சொல்றது நோபலுக்காக இல்ல. பல இடங்கள் ஒரு நம்பரைப் பாத்துட்டு ஒதுக்கிடும், சில இடங்கள் மீதிப் பக்கத்தையும் புரட்டும். நீங்க பண்ண வேண்டியது அந்த மீதிப் பக்கத்துல படிக்கறதுக்கு ஏதாவது வைக்கறதுதான்.

உங்க விண்ணப்பத்துல அது என்னவா இருக்கும்? வேலையில நீங்க கட்டின ஒரு சிஸ்டம், நீங்க கோட் பங்களிச்ச ஒரு ஓப்பன் சோர்ஸ் புராஜெக்ட், ஒரு பேராசிரியரோட சேர்ந்து பண்ணின சின்ன ஆய்வு, எதுவா இருந்தாலும் அதுல உங்க கைவேலை எதுன்னு தனியா காட்ட முடியணும். ஏன் படிக்க வர்றீங்கன்னு விண்ணப்பத்தோட எழுதற ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்பஸ்ல பழைய மார்க்கைப் பத்தி ரெண்டு மூணு வரிக்கு மேல எழுதாதீங்க. என்ன நடந்துச்சு, எப்ப சரியாச்சு, அதுக்கு என்ன அத்தாட்சி, முடிஞ்சுது. ஒரு முழுப் பக்கம் மன்னிப்பு கேட்டு எழுதினா படிக்கறவங்க மனசுல அந்த மார்க்தான் நிக்கும். யாரையும் குத்தம் சொல்லாதீங்க, வாத்தியார் சரியில்ல காலேஜ் சரியில்லன்னு ஒரு வரி கூட வேண்டாம், அது உண்மையாவே இருந்தாலும் வேண்டாம்.

டீச்சிங்னு சொன்னீங்க இல்ல, அமெரிக்காவுல பிஎச்.டி. மாணவர்கள் நிறைய பேர் டீச்சிங் அசிஸ்டென்டா முதல் வருஷத்துலேயே வகுப்புக்குள்ள போறாங்க, ஃபீஸும் தள்ளுபடி ஆகும். பிஎச்.டி. இல்லாமலும் வழி இருக்கு, கம்யூனிட்டி காலேஜ்ல நடத்தறதுக்கு மாஸ்டர்ஸும் அந்தப் பாடத்துல 18 கிராஜுவேட் கிரெடிட்டும் இருந்தா பொதுவா தகுதி. அதோட இதையும் தெரிஞ்சுக்கோங்க, உள்ள போனப்புறம் பி சராசரிக்குக் கீழ போனா தொடர விட மாட்டாங்க. காலேஜ்ல பாஸானா போதும்னு இருந்த பழக்கம் அங்க ஒரு செமஸ்டர் கூடத் தாங்காது.

கேள்வி: என் கஷ்டம் மார்க் இல்ல மேடம், ரெகமண்டேஷன் லெட்டர். கடைசி பெஞ்ச்ல உக்காந்து பாஸ் ஆனவன் நான், எந்த ப்ரொஃபஸருக்கும் என் முகம் ஞாபகம் இருக்காது. யார்கிட்ட போய் நிக்கறது?

பதில்: இது நிஜமாவே மார்க்கை விடப் பெரிய தடை, நீங்க சரியா கண்டுபிடிச்சிருக்கீங்க. ஐன்ஸ்டீன் கணக்குல ஃபெயில் ஆனார்னு ஒரு கதை சுத்திட்டு இருக்கு, அது பொய். ஆனா இது நடந்தது: 1900ல ஜூரிச் பாலிடெக்னிக்ல படிப்பு முடிச்சப்போ அவர் மார்க் சுமார்தான், வகுப்புக்கும் ஒழுங்கா போகல, பேராசிரியர் வெபரோட ஒத்துப்போகல. அசிஸ்டென்ட் வேலை கேட்டு ஐரோப்பா முழுக்க எழுதினார், ஒண்ணும் கிடைக்கல, வெபர்தான் தடுக்கறார்னே அவர் நம்பினார். தற்காலிகமா பள்ளிக்கூடத்துல பாடம் எடுத்தார், டியூஷன் எடுத்தார். கடைசியில கூடப் படிச்ச மார்செல் கிராஸ்மன் தன் அப்பா மூலமா சிபாரிசு பண்ணித்தான் 1902ல பெர்ன் பேட்டன்ட் ஆபீஸ்ல வேலை கிடைச்சுது. 1905ல டாக்டர் பட்டம், 1909ல ஜூரிச்ல பேராசிரியர். பாத்தீங்கன்னா அவரைக் கை தூக்கி விட்டது வாத்தியார் இல்ல, அவர் வேலையை நேர்ல தெரிஞ்ச ஒரு நண்பன்.

உங்களுக்கும் அதேதான். பழைய ப்ரொஃபஸரைத் தேடி அலையறதை விட, இப்ப உங்களைத் தெரிஞ்சுக்கற மாதிரி ஒரு ஆளை உண்டாக்குங்க. பக்கத்துல இருக்கற யுனிவர்சிட்டியில ஒரு பேராசிரியர் நடத்தற குறுகிய காலப் படிப்புல சேருங்க, முன்னாடி உக்காருங்க, கேள்வி கேளுங்க, கொடுத்த வேலையைச் சொன்ன தேதிக்கு முன்னாடியே முடிச்சுக் கொடுங்க. மூணு நாலு மாசத்துல அவருக்கு உங்களைப் பத்தி எழுத விஷயம் இருக்கும். வேலையில இருக்கற மேனேஜர் ஒரு லெட்டர் தரலாம், மாஸ்டர்ஸுக்கு நிறைய இடம் அதை ஏத்துக்கும், பிஎச்.டி.க்கு மட்டும் பாடம் சம்பந்தப்பட்டவங்க எழுதினாதான் எடை. பெரிய பதவியில இருக்கறவர் நாலு பொதுவான வரி எழுதறதை விட, சாதாரண லெக்சரர் ஒருத்தர் இந்தப் பையன் இந்தக் கணக்கை இப்படிப் போட்டான், முதல்ல தப்பாச்சு, அப்புறம் தானே கண்டுபிடிச்சுத் திருத்தினான்னு எழுதறது பல மடங்கு மேல்.

கேட்கும்போது நேரா கேளுங்க, "எனக்கு நல்லபடியா எழுத முடியுமா, முடியாதுன்னா பரவாயில்ல, தயங்காம சொல்லுங்க"ன்னு. தயங்கறார்னு தெரிஞ்சா வற்புறுத்தாதீங்க.

கேள்வி: பி.ஏ. ஹிஸ்டரியில 47 சதவீதம். ஸ்கூல் டீச்சர் ஆகணும். பி.எட்.டுக்கு 50 வேணுமாமே, மூணு சதவீதத்துல போச்சா என் வாழ்க்கை?

பதில்: போகல, அழாதீங்கம்மா. ஆசிரியர் கல்விக்கான தேசியக் குழு, அதாவது என்சிடிஇ, போட்ட 2014 விதிமுறையை எடுத்துப் படிங்க, பி.எட். சேர இளங்கலையிலயோ முதுகலையிலயோ 50 சதவீதம்னுதான் இருக்கு. எம்.ஏ. ஹிஸ்டரி படிச்சு 50 தாண்டிட்டா பழைய 47 தடையா இருக்காது. இக்னோங்கற இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துல பல எம்.ஏ.வுக்கு ஏதாவது ஒரு டிகிரி முடிச்சிருந்தா போதும், சதவீதம் கேக்கறதில்ல. அங்கீகாரம் இருக்கற தொலைதூரப் பட்டமும் ரெகுலர் பட்டமும் சமம்னு யுஜிசி 2022 செப்டம்பர்லயே தெளிவா அறிவிச்சாச்சு, படிக்கப்போற இடத்துக்கு அந்த அங்கீகாரம் இருக்கான்னு மட்டும் சேர்றதுக்கு முன்னாடி பாத்துக்கோங்க. இட ஒதுக்கீட்டுல வர்றவங்களா இருந்தா 50லயே தளர்வு இருக்கலாம், உங்க மாநில விதியைப் பாருங்க, ஒருவேளை எம்.ஏ.க்குக் காத்திருக்கவே வேண்டாமா இருக்கும். எந்த வகுப்புக்கு நடத்தப்போறீங்களோ அந்தப் பணிக்கான அறிவிப்புல சதவீதம் எதுல கேக்கறாங்கன்னும் இப்பவே ஒரு தடவை பாத்து வச்சுக்கோங்க, எம்.ஏ. முடிச்சப்புறம் போய்ப் பாக்க வேண்டாம்.

கேள்வி: மேடம், நான் எம்.எஸ்சி. மேத்ஸ் சேர்ந்திருக்கேன், பி.எஸ்சி.யில 49. வீட்டுல அப்பா ஒரு வார்த்தை சொல்லிட்டார், நீயே மார்க் வாங்கல, நீ அடுத்த பிள்ளைகளுக்கு என்ன சொல்லித் தரப்போறேன்னு. அதுலேர்ந்து புக்கைத் திறந்தா அதுதான் காதுல கேக்குது. அவர் சொல்றது சரியா?

பதில்: இந்தக் கேள்வியை ரெண்டு மூணு தடவை படிச்சேன். அப்பா கேட்ட விதம் தப்பு, வலிக்கற மாதிரிக் கேட்டுட்டார். ஆனா கேள்வியில ஒரு நியாயம் இருக்கு, அதை நாம தட்டிக் கழிக்கக் கூடாது, ஏன்னா நாளைக்கு உங்க முன்னாடி உக்காரப்போற பிள்ளைகளுக்கும் அந்தக் கேள்வியைக் கேக்கற உரிமை இருக்கு.

இந்த மாதிரி நேரத்துல எல்லாரும் ராமானுஜனைச் சொல்லித் தேத்துவாங்க. கும்பகோணம் காலேஜ்ல ஸ்காலர்ஷிப் போச்சு, பச்சையப்பாஸ்ல எஃப்.ஏ.ங்கற அந்தக் கால இன்டர்மீடியட் தேர்வுல தோத்தார், ஆனா பாரு எங்க போனார்னு. நான் அதைச் சொல்ல மாட்டேன். 1913 ஜனவரியில கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு அவர் எழுதின கடிதத்துல தன் தோல்விக்கு விளக்கம் எழுதிட்டு நிறுத்தல, பக்கம் பக்கமா தேற்றங்கள் இருந்துச்சு. ஹார்டி பாத்தது அதை. 1916ல கேம்பிரிட்ஜ் அவருக்கு பட்டம் கொடுத்ததும் ஆராய்ச்சிக்காகத்தான். அவர் தோத்ததால பெரியவர் ஆகல, கணக்கு அவருக்குத் தெரிஞ்சிருந்துச்சு. நமக்கும் கேள்வி அதுதான், இப்ப உங்களுக்குக் கணக்கு தெரியுமா?

மார்க் வாங்காதவங்கதான் நல்லா நடத்துவாங்க, அவங்களுக்குத்தான் கஷ்டப்படற பிள்ளையோட வலி தெரியும்னும் சொல்வாங்க. அதையும் நான் முழுசா ஒத்துக்கல. வலி தெரிஞ்சா அன்பா இருக்கலாம், அன்பு மட்டும் இருந்து பாடம் தெரியலன்னா பிள்ளை ஏமாந்துதான் போகும். லீ ஷுல்மன்னு அமெரிக்கக் கல்வியாளர் 1986ல ஒரு கட்டுரையில சொன்ன கருத்து இங்க ரொம்ப உதவும். பாடம் தெரிஞ்சிருக்கறது ஒரு அறிவு, வகுப்பை நடத்தத் தெரிஞ்சிருக்கறது ஒரு அறிவு, இது ரெண்டும் இல்லாம மூணாவதா ஒண்ணு இருக்கு, அந்தக் குறிப்பிட்ட பாடத்துல பிள்ளைங்க எங்க தடுக்கி விழுவாங்க, எந்த உதாரணத்தைச் சொன்னா புரியும், எதைச் சொன்னா இன்னும் குழம்பும்ங்கற அறிவு. இந்த மூணாவது அறிவு, முதல் தடவையே எல்லாம் புரிஞ்சுபோன ஆளுக்குத் தானா வந்துடறதில்ல, உங்களுக்கும் தானா வந்துடாது. நீங்க விழுந்த இடத்துக்குத் திரும்பப் போயி, ஏன் விழுந்தேன்னு கண்டுபிடிச்சு, இப்ப அதைச் சரியா புரிஞ்சுக்கிட்டா மட்டும்தான் வரும். பாதியில விட்டுட்டா அது வெறும் தோல்விதான்.

ரியல் அனாலிசிஸ்ல லிமிட்டோட வரையறையை எடுத்துக்கோங்க, எப்சிலான் டெல்டா. பலபேர் அதுலதான் முதல் தடவை தொலைஞ்சு போறாங்க. எப்சிலானை முதல்ல யாரோ கொடுக்கறாங்க, அதுக்கு ஏத்த டெல்டாவை நாம தேடிக் கொடுக்கணும், அந்த வரிசை மாறினா மொத்த அர்த்தமும் மாறிடும்ங்கறதை ஒருத்தரும் தனியா எடுத்துச் சொல்லாததால அது வெறும் கிரேக்க எழுத்தா மனப்பாடம் ஆயிடுது. நீங்க அதுல தொலைஞ்சிருந்து, இப்ப அந்த வரிசையைப் புரிஞ்சுக்கிட்டீங்கன்னா, வகுப்புல அதே இடத்துல ஒரு பிள்ளை முழிக்கும்போது அது எந்த வரியில முழிக்குதுன்னு உங்களுக்குத் தெரியும். இதைத்தான் அப்பாவோட கேள்விக்கான பதிலா நீங்க வச்சுக்கணும். வாய்ல சொல்ல வேண்டாம்.

ஒரு வேலை செய்யுங்க. பி.எஸ்சி.யில கம்மியா வாங்கின பேப்பரை எல்லாம் எழுதி வைங்க, ஒவ்வொண்ணுலேர்ந்தும் ஒரு பாடம் எடுங்க, குறிப்பு இல்லாம ஒரு மணி நேரம் கரும்பலகையில யாருக்காவது நடத்துங்க, ஜூனியர் பிள்ளைங்க கிடைச்சா ரொம்ப நல்லது. எங்க வாய் தடுமாறுதோ, எங்க "இதை அப்படியே வச்சுக்கோங்க"ன்னு தாண்டிப் போறீங்களோ அதுதான் ஓட்டை, அன்னைக்கு ராத்திரியே அதைப் படிங்க. எம்.எஸ்சி. பாடத்தோட கூடவே இதையும் செய்யறது கஷ்டம்தான், தெரியும். ஆனா மேல கட்டற ஒவ்வொண்ணும் அதுமேலதான் நிக்குது, ஃபங்ஷனல் அனாலிசிஸ் வரும்போது பழைய ரியல் அனாலிசிஸ் இல்லாம ஒரு பக்கம் கூட நகராது.

கேள்வி: எனக்கு 38 வயசு, ரெண்டு பிள்ளைங்க. டிகிரியில தேர்ட் கிளாஸ். இப்ப எம்.ஏ., நெட்டுன்னு ஆரம்பிச்சா வயசு வரம்பு தடுக்குமா?

பதில்: நெட்ல உதவிப் பேராசிரியர் தகுதிக்கு மேல் வயசு வரம்பே கிடையாது. ஜேஆர்எஃப் உதவித்தொகைக்குத்தான் 30 வயசு, பெண்களுக்கும் இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் அதுலேர்ந்து 5 வருஷம் தளர்வு உண்டு, அது உங்களுக்குத் தாண்டிப்போச்சு, அதனால விண்ணப்பத்துல ஜேஆர்எஃப் சேராத உதவிப் பேராசிரியர் பிரிவைப் போடுங்க. முதுகலையில 55 வாங்கணும், இட ஒதுக்கீட்டுப் பிரிவுன்னா 50, அதுதான் உங்க முதல் இலக்கு, நெட் அப்புறம். ரெண்டு பிள்ளைங்களோட ரெகுலர் காலேஜ் முடியலன்னா திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துல ஜனவரி, ஜூலைன்னு வருஷத்துக்கு ரெண்டு தடவை சேர்க்கை நடக்கும், ஒரு செமஸ்டர்ல எல்லாப் பேப்பரையும் எழுத முடியலன்னா மிச்சத்தை அடுத்த தடவை எழுதிக்கலாம். நெட்ல முதல் தாள் எல்லாப் பாடத்துக்கும் பொதுவானது, கற்பித்தல் திறன், ஆராய்ச்சித் திறன், தர்க்கம்னு 50 கேள்வி, அதை எம்.ஏ. முதல் வருஷத்துலேயே தினமும் அரை மணி நேரம் படிக்க ஆரம்பிச்சிடுங்க.

அடுத்த மாசம் கல்விக் கடன் பத்தின கேள்விகளை எடுக்கறேன், எழுதி அனுப்புங்க.